டாக்டரம்மா பிரதமர் ஆன கதை

(கூட்டமைப்பின் மகளிர் கூட்டத்தில் நமது ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் கடன் திருப்புதல், தணிக்கை, பதிவேடு என்றுதான் பேசுவோம். அதை மதியத்துக்கு வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அவர் பெயர் குரோ ஹார்லெம் புருண்ட்லண்ட். நாக்கு சுளுக்குகிற பெயர்தான். எனக்கே நாலு தடவை சொல்லிப் பார்த்த பிறகுதான் வந்தது. அவங்க நாட்டு ஜனங்களே சுருக்கமாக "குரோ" என்றுதான் சொல்வார்களாம். நாமும் அப்படியே சொல்லுவோம்.

அவருடைய நாடு நார்வே. ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது. அந்த நாட்டின் வடக்குப் பகுதியில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே உதிக்காது. குரோ பிரதமர் ஆனபோது நாட்டின் மொத்த ஜனத்தொகையே 41 லட்சம்தான். மீன்பிடிப்பும் கப்பலும்தான் அவர்களுடைய பழைய பிழைப்பு. 1969-இல் கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. அதற்குப் பிறகு நாட்டின் நிலைமையே மாறிவிட்டது. பெண்களுக்கு 1913-லேயே ஓட்டுரிமை கொடுத்த நாடு அது. ஆனால் ஒரு பெண் பிரதமர் நாற்காலியில் உட்காருவதற்கு அதற்கப்புறம் 68 வருஷம் ஆனது. அந்த விஷயத்தில் 1960-லேயே இலங்கையும் 1966-லேயே இந்தியாவும் முந்திக்கொண்டன.

குரோ பிறந்தது 1939 ஏப்ரல் 20. அடுத்த வருஷம் ஏப்ரலில் ஜெர்மனிப் படை நார்வேக்குள் நுழைந்துவிட்டது. அப்பா குட்மண்ட் ஹார்லெம் ஒரு டாக்டர், தொழிலாளர் கட்சிக்காரர். அவரும் மனைவியும் ஜெர்மனி ஆட்சிக்கு எதிரான ரகசியப் போராட்டத்தில் இருந்தார்கள். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் குடும்பம் பக்கத்து நாடான ஸ்வீடனுக்குத் தப்பிப் போனது. அம்மாவுக்குப் பிறந்த நாடு அதுதான். ஆக, பேச்சு வரும் வயதிலேயே அந்தக் குழந்தை அகதியாகிவிட்டது.

போர் முடிந்து ஊருக்குத் திரும்பினார்கள். ஏழு வயதில் குரோவைக் கட்சியின் சிறுவர் அமைப்பில் சேர்த்துவிட்டார்கள். பத்து வயதில் அப்பாவுக்கு உதவித்தொகை கிடைத்து, குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போனார்கள். பிறகு அப்பாவின் ஐக்கிய நாடுகள் சபை வேலைக்காக எகிப்திலும் கொஞ்ச காலம் இருந்தார்கள். பின்னாளில் அப்பா மந்திரியாகவும் ஆனார். இதை நான் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குரோ ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்தவர் இல்லை. படித்த வீடு, அரசியல் தெரிந்த வீடு. சாப்பாட்டு நேரத்தில் நாட்டு நடப்பைப் பேசுவதும், பெண் பிள்ளையிடமும் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பதும் அங்கே வழக்கம். பணத்தைவிட அந்தக் கேள்விதான் பெரிய சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது. நம்ம வீடுகளில் பெண் பிள்ளையிடம் அப்படி யார் கேட்கிறார்கள்?

அப்பாவைப் போலவே டாக்டருக்குப் படித்தார். படிக்கும்போதே 1960-இல் கல்யாணம். மாப்பிள்ளை ஆர்னே ஒலாவ் புருண்ட்லண்ட். அவர் எந்தக் கட்சி தெரியுமா? எதிர்க்கட்சி! குரோ தொழிலாளர் கட்சி, அவர் கன்சர்வேடிவ் கட்சி. அடுத்த வருஷமே முதல் குழந்தை. குழந்தையை வைத்துக்கொண்டே படித்து 1963-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1965-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரத்தில் மேல்படிப்பை முடித்தார்.

பொது சுகாதாரம் என்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் மருந்து கொடுக்கிறார், சரியாகிறது. பத்து நாள் கழித்து மறுபடியும் வருகிறது. தெருவில் இன்னும் எட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கதை. அப்போது மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே இருப்பதா, குடிதண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பார்ப்பதா? தொட்டியைப் போய்ப் பார்க்கிற படிப்புதான் பொது சுகாதாரம். குரோ ஊர் திரும்பி சுகாதாரத் துறையில் தாய்ப்பால், குழந்தை நலம், புற்றுநோய்த் தடுப்பு என்று வேலை பார்த்தார். ஆஸ்லோ நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் சுகாதாரப் பொறுப்பிலும் இருந்தார். தொட்டியைப் பார்க்கப் போனவர் அப்படியே அரசியலுக்குள் போய்விட்டார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

அரசியலில் அவர் பெயர் வெளியே வந்தது கருக்கலைப்புச் சட்டம் பற்றிய விவாதத்தில். அந்தக் காலத்தில் நார்வேயில் கருவைக் கலைக்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண் விண்ணப்பம் போட வேண்டும். இரண்டு டாக்டர்கள் கொண்ட குழு சரி என்றால்தான் செய்யலாம். படித்த, வசதியான பெண்ணுக்கு எப்படிப் பேசி அனுமதி வாங்குவது என்று தெரியும். ஏழைப் பெண்ணுக்குத் தெரியாது. முடிவு அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும் என்று குரோ ஒரு டாக்டராக மேடைகளில் பேசினார், பத்திரிகையில் எழுதினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அப்படியும் 1978-இல் சட்டம் மாறியது. முதல் 12 வாரத்துக்குள் பெண்ணே முடிவு செய்யலாம் என்று வந்தது.

இதற்கு நடுவில், 1974-இல் பிரதமர் கூப்பிட்டு அனுப்பினார். போன இடத்தில், சுற்றுச்சூழல் மந்திரியாக இருக்க முடியுமா என்று கேட்டார். இவரோ டாக்டர். வயது 35. வீட்டில் நாலு பிள்ளைகள், மூத்த பிள்ளைக்கே பன்னிரண்டு பதிமூன்று வயதுதான். அந்தத் துறையில் அனுபவமும் கிடையாது. சகோதரிகளே, இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

நம்ம கூட்டமைப்பில் நிர்வாகக் குழுவுக்குப் பெயர் கொடுங்கள் என்றால் என்ன நடக்கிறது? "எனக்கு என்னம்மா தெரியும்" என்று ஒருவர், "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று இன்னொருவர். "வீட்டுல கேட்டு" என்பதற்கு என்ன அர்த்தம் என்று நம்ம எல்லோருக்கும் தெரியும். குரோவும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. வீட்டுக்காரரிடம் பேசினார். ஆனால் அங்கே நடந்தது அனுமதி கேட்பது இல்லை, ஒப்பந்தம். பிள்ளைகளையும் வீட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் என் போக்கில்தான் பார்ப்பேன் என்றார் ஆர்னே ஒலாவ். அதாவது, சாமான் இடம் மாறியிருந்தாலும், வீடு தூசியாக இருந்தாலும் குரோ குறை சொல்லக்கூடாது. அவர் ஒத்துக்கொண்டார். இந்த இரண்டாவது பாதிதான் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்காரர் சோறு வடித்தால் "ஏன் குழையவிட்டீங்க" என்று பிடுங்கிக்கொள்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! மனைவியைப் பற்றி ஆர்னே ஒலாவ் 1996-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதன் தலைப்புக்கு "குரோவைக் கல்யாணம் செய்தவன்" என்கிற மாதிரி அர்த்தம். நன்றாக விற்றதாம்.

மந்திரியாக இருந்தபோது 1977 ஏப்ரல் 22-ஆம் தேதி கடலுக்கு நடுவில் இருந்த பிராவோ என்ற எண்ணெய்க் கிணறு வெடித்துக்கொண்டு பீறிட ஆரம்பித்தது. எட்டு நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. மீனவர்கள் தவித்துப் போனார்கள். தினமும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டிய பொறுப்பு இந்தப் பெண் மந்திரிக்கு. எட்டாவது நாள் கிணறு அடைக்கப்பட்டது. நாடு முழுக்க அவர் முகம் தெரிந்தது அப்போதுதான்.

1981 பிப்ரவரி 4. உடல்நிலை காரணமாகப் பழைய பிரதமர் விலக, குரோ பிரதமர் ஆனார். நார்வேயின் முதல் பெண் பிரதமர். வயது 41. அதுவரை அவ்வளவு இளவயதில் அங்கே யாரும் பிரதமர் ஆனதில்லை. கைதட்டலாம். ஆனால் உடனே நடந்ததையும் கேளுங்கள்.

நார்வேயின் வடக்கே சாமி என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். நம்ம சாமி இல்லை, அந்த இனத்தின் பெயர் அது. பனி மான்களை மேய்த்துப் பிழைக்கிறவர்கள் அவர்களில் உண்டு. அவர்கள் பகுதியில் ஓடும் ஆல்டா ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்க அரசு திட்டம் போட்டது. முதலில் போட்ட திட்டப்படி மாசி என்ற கிராமமே மூழ்கியிருக்கும். அதை மட்டும் கைவிட்டார்கள். ஆனாலும் மேய்ச்சல் நிலமும் மீன் வளமும் போகுமே என்று அந்த மக்கள் போராடினார்கள். நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் போய்ப் போராட்டக்காரர்களைப் பனியிலிருந்து தூக்கி அப்புறப்படுத்தினார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் குரோ பதவிக்கு வந்தார்.

பதவி ஏற்று இரண்டொரு நாளில் 14 சாமிப் பெண்கள் பிரதமர் அலுவலகத்துக்கு வந்தார்கள். பெண் பிரதமர், நம்ம வலி புரியும் என்று நம்பி வந்தவர்கள். குரோ அவர்களைச் சந்தித்துப் பேசினார், ஆனால் அணையை நிறுத்துவதாகச் சொல்லவில்லை. பெண்கள் எழுந்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து இரவைக் கழித்தார்கள். மறுநாள் போலீஸ் வந்து அவர்களை வெளியேற்றியது. அணை 1987-இல் கட்டி முடிந்தது. பிறகு, 1990-இல், அந்த மின்நிலையம் தேவைப்பட்டிருக்கவே இல்லை என்று குரோவே சொன்னார்.

நான் படித்ததிலேயே என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம் இது. நாற்காலியில் பெண் உட்கார்ந்தால் மட்டும் போதாது, எதிரில் தரையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் பேச்சும் அவர் காதில் ஏற வேண்டும். நம்ம கூட்டமைப்பிலும் கடன் கேட்டு வந்து, தலைவியைப் பார்க்கக் காத்திருந்து, திரும்பிப் போன உறுப்பினர்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 14 பெண்கள் உட்கார்ந்தது வீண் போகவும் இல்லை. ஆல்டா போராட்டத்துக்குப் பிறகுதான் நாடே அந்த மக்களைத் திரும்பிப் பார்த்தது. 1989-இல் அவர்களுக்கென்று தனியாக ஒரு நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. அப்போது பிரதமராக இருந்தவர் குரோவேதான்.

முதல் தடவை பதவி எட்டு மாதம்தான். தேர்தலில் கட்சி தோற்றது. ஆனால் கட்சித் தலைமையை விடவில்லை. 1983-இல் தொழிலாளர் கட்சி ஒரு விதி கொண்டுவந்தது: கட்சிப் பொறுப்புகளிலும் வேட்பாளர் பட்டியலிலும் ஆணோ பெண்ணோ எந்தப் பக்கமும் நூற்றுக்கு 40-க்குக் குறையக்கூடாது. அதன் பலன் 1986 மே மாதத்தில் தெரிந்தது. அவர் மறுபடி பிரதமர் ஆனபோது அமைச்சரவையில் மொத்தம் 18 பேர், அதில் 8 பேர் பெண்கள். உலகம் முழுக்க செய்தியானது. அப்போது எண்ணெய் விலை சரிந்து, அரசு கஜானா நெருக்கடியில் இருந்தது. வந்த உடனேயே நாட்டுப் பணத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டிய நிலை. வீட்டில் அரிசி தீர்ந்தால்தான் "நீயே ஏதாவது பார்த்துக்கோ" என்று பெண்களிடம் பொறுப்பை விடுவார்கள். நாட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது!

1989-இல் பதவி போனது, 1990-இல் திரும்ப வந்தது, 1996 வரை நீடித்தது. மூன்று தடவையும் சேர்த்துப் பத்து வருஷம். இந்தக் காலத்தில் பிரசவ விடுப்பைப் படிப்படியாகக் கூட்டினார்கள். 1993-இல் முழுச் சம்பளத்தோடு 42 வாரம் என்ற அளவுக்கு வந்தது. அதில் 4 வாரம் அப்பாவுக்கு மட்டும். அப்பா எடுக்காவிட்டால் அந்த நாலு வாரம் வீணாகிவிடும், அம்மாவுக்கு மாற்ற முடியாது. அதுவரை விடுப்பு எடுத்த அப்பாக்கள் நூற்றுக்கு நாலு பேர்கூட இல்லை. சில வருஷத்திலேயே பெரும்பாலான அப்பாக்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். ஆண்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்பதெல்லாம் சும்மா. விதி வந்தால் கற்றுக்கொள்கிறார்கள்.

இனி உலக அளவில் அவர் செய்தது. 1983-இல் ஐக்கிய நாடுகள் சபை, சுற்றுச்சூழலும் வளர்ச்சியும் பற்றி ஆராய ஒரு குழு போட்டு, தலைவராக இவரை நியமித்தது. குழு ஜகார்த்தா, நைரோபி, மாஸ்கோ, டோக்கியோ என்று நாடு நாடாகப் போய்ப் பொதுமக்களிடமே நேராகக் கேட்டது. அவர்கள் வேலை செய்த காலத்தில்தான் போபால் விஷவாயு விபத்தும் (1984 டிசம்பர்) செர்னோபில் அணு உலை விபத்தும் (1986) நடந்தன. 1987-இல் "நமது பொதுவான எதிர்காலம்" என்ற அறிக்கை வெளிவந்தது. அதன் சாரம் நமக்குப் புதிதில்லை. பசிக்கிறது என்று விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுவிடக் கூடாது. இன்றைய தேவையும் தீர வேண்டும், நாளைக்கு நம்ம பேரப்பிள்ளை விதைக்கவும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். அதே நேரத்தில், பசியோடு இருப்பவனிடம் போய் மரத்தை வெட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வரவும் முடியாது, வறுமையைத் தீர்ப்பதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் ஒரே வேலை என்று அந்த அறிக்கை சொன்னது. பயிற்சிகளில் "நிலைத்த வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி" என்று காது புளிக்கக் கேட்கிறோமே, அந்தச் சொல் உலகமெங்கும் பரவியது இந்த அறிக்கையால்தான். 1988-ஆம் ஆண்டின் இந்திரா காந்தி பரிசை இந்தியா அவருக்குக் கொடுத்தது.

1992-இல் அவருடைய மகன்களில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். கட்சித் தலைமையை விட்டு விலகினார். பிரதமர் வேலையை மட்டும் தொடர்ந்தார். இதற்கு மேல் நான் இதைப் பேசப் போவதில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும்.

1998-இல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தலைமை இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அங்கே அவர் நாடுகளின் நிதி மந்திரிகளிடம் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம், வறுமையால் நோய் வருகிறது என்பது பாதிதான், நோயாலும் வறுமை வருகிறது என்பது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆட்டுக்கடன், கடைக்கடன் என்று தீர்மான நோட்டில் எழுதி வாங்கிய பணம் கடைசியில் ஆஸ்பத்திரியில் போய் முடிந்த கதை எந்தக் குழுவில் இல்லை?

புகையிலைக் கம்பெனிகளை எதிர்த்து உலக ஒப்பந்தம் கொண்டுவந்தார். 2003 மே மாதம் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2004-இல் இந்தியாவும் சேர்ந்தது. 2009-இலிருந்து நம்ம ஊர் பீடி, சிகரெட் பாக்கெட்டில் படம் போட்டு எச்சரிக்கை வருவதற்குப் பின்னால் இந்த ஒப்பந்தமும் இருக்கிறது. பீடி சுற்றிப் பிழைக்கும் சகோதரிகள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் கிடைக்க நாடுகள் உதவ வேண்டும் என்றும் அதே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம்ம வேலை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைக்க 2000-இல் காவி என்ற உலகக் கூட்டணி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் இவர்தான். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பென்டா ஊசி, அதாவது ஐந்து நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி, முதலில் ஆரம்பித்தபோது அந்தக் கூட்டணியின் உதவியில்தான் வந்தது. உங்கள் பேரப்பிள்ளை தொடையில் ஊசி போட்டுக்கொண்டு அழுததே, அதுதான்.

2003-இல் சார்ஸ் என்ற புதுக் காய்ச்சல் பரவியது. ஏதேனும் நாடு கோபித்துக்கொள்ளுமோ என்று பார்க்காமல், இன்ன இன்ன ஊருக்குப் போகாதீர்கள் என்று அவருடைய நிறுவனம் அறிவித்தது. நோயை மறைத்த சீனாவையும் வெளிப்படையாகக் குறை சொன்னார். கனடாக்காரர்கள் டொரண்டோ பெயரைச் சொன்னதற்குச் சண்டைக்கு வந்தார்கள். ஜூலைக்குள் நோய் அடங்கியது. கொரோனா காலத்தை அனுபவித்த நமக்கு அதன் அருமை தெரியும்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு உலகத்துக்கே வழி சொன்னவர் ஆட்சியில்தான் 1993-இல் நார்வே மறுபடி வியாபாரத்துக்காகத் திமிங்கல வேட்டையை ஆரம்பித்தது. கடலில் எண்ணெய் எடுத்து விற்பதும் நிற்கவில்லை. அவர் சொன்ன காரணங்களைப் படித்தேன், எனக்கு முழுசாக ஒப்பவில்லை. ஐரோப்பியக் கூட்டமைப்பில் நாடு சேர வேண்டும் என்று 1994-இல் ஊர் ஊராகப் பேசினார். மக்கள் வேண்டாம் என்று ஓட்டுப்போட்டார்கள். அதை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

2011 ஜூலை 22-ஆம் தேதி உத்தோயா என்ற தீவில் கட்சியின் இளைஞர் முகாமில் அவர் பேசிவிட்டுக் கிளம்பினார். சில மணி நேரத்தில் வெறி பிடித்த ஒருவன் அங்கே புகுந்து 69 பேரைச் சுட்டுக்கொன்றான். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். அவன் குறி வைத்து வந்தவர்களில் குரோவும் ஒருவர் என்று பிறகு நீதிமன்றத்தில் தெரிந்தது. பெண்கள் மேலே வருவது பிடிக்காதவர்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

நான் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா, "அத்தனை வருஷம் பொம்பள ஆண்டா அந்த ஊரு ஆம்பளைங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்கள். ஆம்பளைங்க சொன்னதை விடுங்க அக்கா. அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகள் கேட்டதாக குரோவே ஒன்று சொல்வார். பிறந்ததிலிருந்து பெண் பிரதமரையே பார்த்து வளர்ந்த நாலு வயசுப் பிள்ளைகள், "அம்மா, ஆம்பளைங்களும் பிரதமர் ஆகலாமா?" என்று கேட்டார்களாம்.

நிர்வாகக் குழு வேட்புமனுப் படிவம் கூட்டமைப்பு அலுவலகத்தில் கணக்காளரிடம் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதித் தருவார். கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு தணிக்கை பற்றிப் பேசுவோம்.